துட்டகைமுனுவின் துயிலா இரவு

மலைநாட்டிற் பிறந்து வடகிழக்கு நோக்கி ஓடிவரும் மாவலிகங்கை, எங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாற்றுக் குடாவிற் கடலொடு கலக்கின்றது. மாரிகாலத்தில் அது செந்நீராய் வந்து குடாவின் நீலத்தை மாற்றுவதைக் கோணேசர் மலையில் நின்று யான் பலமுறை கண்டிருக்கின்றேன். அந்த ஆற்றின் கரை வழியே, ஏறத்தாழ இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன், ஒரு பெரும்படை நடந்தது. அதனை நடத்தி வந்தவன் துட்டகைமுனு. வெற்றி பெற்று அரியணை ஏறிய பின்னர், வென்ற போர் தகுமோ தகாதோ என்று எண்ணி உறக்கமின்றி இருந்தவன் அவன். அவனது வரலாற்றை இன்று எழுதத் துணிகின்றேன்.

துணிகின்றேன் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்லாளனைப் பற்றித் தமிழிற் பலர் எழுதியிருக்கின்றனர், யானும் எழுதியிருக்கின்றேன். அவனை வென்றவனைப் பற்றி எழுதுவதற்கு எங்களுக்கு மனம் வருவதில்லை. சில மாதங்களுக்கு முன் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து நின்று, எல்லாளன் நீதிமான் என்று பகைவர் நூலே ஒப்புக்கொள்ளும்போது அவனைக் கொன்ற போரை எப்படி அறப்போர் என்பது, அறமல்லாத போர் என்றால் அதனை நடத்தியவன் ஏன் அழுதான் என்று வினாவினாள். முப்பது ஆண்டுகள் கற்பித்த எனக்கு அன்று விடை வரவில்லை. அடுத்த வாரம் சொல்வதாகக் கூறி மணி அடிக்கக் காத்திருந்தேன். அவளுக்கு யான் கொடுக்க வேண்டிய விடையைத் தேடியே இவ்வரலாற்றை மீண்டும் படித்தேன்.

துட்டகைமுனுவைப் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் மகாவமிசம் என்னும் பாளி நூலிலிருந்து வருவன. அநுராதபுரத்து மகாவிகாரையைச் சார்ந்த மகாநாம தேரர் அதனை இயற்றினார் என்பர். கி.பி. 5 ஆம் நூற்றாண்டளவில் எழுந்த அந்நூலுக்கும் அவ்வரசனுக்கும் இடையே அறுநூறு ஆண்டுகள் வரை உள்ளன. அதற்கு முந்திய தீபவமிசம் இப்போரைச் சில அடிகளிலேயே சொல்லி முடிக்கின்றது. ஆகவே இங்கே யான் சொல்வதை மகாவமிசம் வரைந்த ஓவியம் என்றே கொள்க. ஓர் இனத்தின் நெஞ்சில் வாழ்ந்த கதையும் வரலாற்றின் ஒரு கூறே அன்றோ?

தென்னிலங்கையில் உரோகண நாடு, அதன் தலைநகர் மாகமம். அதனை ஆண்டவன் காக்கவண்ணதீசன். அவன் தேவி விகாரமகாதேவி. களனி மன்னனின் மகளாகிய இவள், தந்தை செய்த பிழைக்கு ஈடாகப் பொற்கலத்தில் ஏற்றிக் கடலில் விடப்பட்டு, அலைகளால் மாகமத்துக் கரையை அடைந்தவள் என்பது கதை. இவ்விருவருக்கும் மூத்த மகன் காமணி அபயன். இளையவன் தீசன், பின்னாளிற் சத்தாதீசன் எனப் பெயர் பெற்றவன்.

மைந்தர் இருவரும் சிறுவராய் இருந்தபோது, தந்தை சோற்றை மூன்று பங்காக்கி, மூன்று சூளுரைகளைச் சொல்லி உண்ணச் செய்தான். துறவியருக்குத் தீங்கு செய்வதில்லை என்பது முதலாவது. உடன்பிறந்தார் தம்முட் பகைப்பதில்லை என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் ஏற்று உண்டார்கள். தமிழரொடு பொருவதில்லை என்னும் மூன்றாவதைச் சொன்னபோது இருவரும் சோற்றை எறிந்தனர். மூத்தவன் போய்க் கட்டிலிற் கைகால்களை முடக்கிப் படுத்துக்கொண்டான். தாய் வந்து காரணம் கேட்டபோது, ஆற்றுக்கு அப்பால் தமிழரும் மறுபுறம் கடலும் நெருக்குகையில் எவ்வாறு நீட்டிப் படுப்பது என்றான். எங்கள் கொட்டியாற்றிற் கலக்கும் இதே ஆறுதான் அவன் சொன்ன எல்லை.

ஒரு சிறுவனின் நெஞ்சில் இந்நெருக்கடியை விதைத்தவர் யார்? நூல் அதனைச் சொல்லவில்லை. ஆயினும் கடற்கரையிற் பிறந்த எங்களுக்கு அவ்வுணர்வு புதிதன்று. ஒருபுறம் கடல், மறுபுறம் பகை என்று கற்பிக்கப்பட்டு முடங்கிப் படுத்த பிள்ளைகள் இத்தீவின் இரு மொழிகளிலும் இருந்திருக்கின்றனர்.

அப்போது அநுராதபுரத்தில் ஆண்டவன் சோழநாட்டிலிருந்து வந்த எல்லாளன். அவன் ஆட்சி 44 ஆண்டுகள் நீடித்தது, கி.மு. 205 முதல் 161 வரை என்பது பொதுவாகக் கொள்ளும் கணக்கு. அவன் பௌத்தன் அல்லன். பௌத்த நூலே அவனை நடுவுநிலை பிறழாதவன் என்று புகழ்கின்றது. படுக்கையின் தலைமாட்டில் மணியைத் தொங்கவிட்டு, முறை வேண்டினோர் இழுக்கும்படி கயிறு கட்டினான். கன்றைத் தேரேற்றிக் கொன்ற தன் மகனைத் தானே அவ்வாறு கொன்றான். இதே கதையைச் சேக்கிழார் திருவாரூரில் நிகழ்ந்ததாக மனுநீதிச் சோழன்மேல் வைத்துப் பாடுவதைத் தமிழ் மாணவர் அறிவர். ஒருநாள் அவன் தேரின் நுகத்தடி பட்டுத் தூபி ஒன்றிற் பதினைந்து கற்கள் பெயர்ந்தபோது, தன் தலையை வெட்டுமாறு கூறினான் என்றும், அமைச்சர் தடுக்கவே பதினைந்தாயிரம் பொற்காசு செலவிட்டு அதனைத் திருத்தினான் என்றும் நூல் கூறுகின்றது.

இத்தகைய மன்னன்மேல் போர் தொடுக்கவே காமணி விரும்பினான். தந்தையிடம் மும்முறை ஆணை கேட்டான். மகனைக் காக்க எண்ணிய தந்தை, ஆற்றுக்கு இப்பாலுள்ள நாடே போதும் என்று மும்முறையும் மறுத்தான். சினங்கொண்ட மைந்தன், தந்தைக்குப் பெண்கள் அணியும் அணிகலனை அனுப்பி இகழ்ந்தான். அரசன் அவனுக்குப் பொன் விலங்கு பூட்ட ஆணையிட, அவன் மலைநாட்டுக்கு ஓடினான். தந்தை சொல்லை மீறிச் சினந்தமையால் அவனுக்குத் துட்டன் என்னும் அடைமொழி வந்து சேர்ந்தது. அவனை வீரனாகப் போற்றும் மக்களும் அவ்வடைமொழியை நீக்காமலே வழங்கி வருகின்றனர்.

தந்தை இறந்தபின் அவன் முதலிற் பொருதது தமிழரொடு அன்று, தன் தம்பியொடு. இளையவன் தீசன் தாயையும் கண்டுலன் என்னும் பட்டத்து யானையையும் தன்வசம் வைத்துக்கொண்டான். சூளங்கணியம் என்னும் களத்திற் பல்லாயிரவர் மடிந்தனர். காமணி தோற்று, அமைச்சன் ஒருவனொடும் ஒரு குதிரையொடும் ஓடினான். மீண்டும் படை திரட்டி வந்து வென்றான். தோற்ற தம்பி விகாரையிற் புகுந்து தேரர் ஒருவரின் கட்டிலின் கீழ் ஒளிந்தான். துறவியர் அவனைப் பிணம்போல் மூடிச் சுமந்து சென்றபோது, காமணி உண்மையை அறிந்தும் விட்டுவிட்டான். பின்னர் ஒரு தேரர் இருவரையும் இணக்கினார். தந்தை ஊட்டிய இரண்டாவது கவளம் இவ்வாறு முறிந்து மீண்டும் பொருந்தியது.

பின்பு பெரும்போர் தொடங்கிற்று. அரச போகத்துக்காக அன்று, சாசனத்தை நிலைநிறுத்தவே போர் செய்வதாக அவன் உறுதி கூறினான் என்பது நூலின் கூற்று. தன் வேலில் புத்தரின் தாதுவைப் பதித்தான்; ஐந்நூறு பிக்குகளை உடன் அழைத்துச் சென்றான். மகியங்கனையிலிருந்து ஆற்றங்கரைக் கோட்டைகளை ஒவ்வொன்றாக வென்றான். அவற்றுள் ஒன்றைப் பிடிக்க நான்கு மாதம் சென்றது. விசிதபுரத்தைப் பிடிக்க மேலும் நான்கு மாதம். முப்பத்திரண்டு தமிழ்த் தலைவர்கள் வீழ்ந்தனர் என்று கணக்குச் சொல்லப்படுகின்றது.

இதனை இரண்டு இனங்கள் எதிரெதிரே அணிவகுத்த போர் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் துட்டகைமுனுவின் பத்து மாவீரருள் முதல்வனான நந்திமித்திரனின் தாய்மாமன் மித்தன், எல்லாளனின் படைத்தலைவனாக இருந்தவன் என்று அதே நூல் சொல்கின்றது. மாமன் ஒரு பக்கமும் மருமகன் மறு பக்கமுமாகக் குடும்பங்கள் பிரிந்து நின்ற போராகவும் இது இருந்தது.

இறுதியாக அநுராதபுரத்து வாயிலிற் போர் நிகழ்ந்தது. குளத்து நீர் குருதியாற் சிவந்தது. எல்லாளனை என்னையன்றி எவரும் கொல்லலாகாது என்று துட்டகைமுனு முரசறைவித்தான். தென்வாயிலில் இருவரும் யானைமீதிருந்து பொருதனர். எல்லாளன் வீசிய வேலுக்குத் தப்பிய துட்டகைமுனு, தன் யானையை ஏவித் தானும் வேலெறிந்தான். முதிய மன்னன் யானையொடு வீழ்ந்தான்.

அன்று அவன் செய்த செயலை நினைந்தே தமிழனாகிய யானும் அவனுக்குத் தலைவணங்குகின்றேன். நகர மக்களை அழைத்து எல்லாளனுக்கு அரச மரியாதையொடு ஈமக்கடன் செய்தான்; வீழ்ந்த இடத்திற் சேதியம் எழுப்பி வழிபாடு ஏற்படுத்தினான்; அவ்விடத்தைக் கடக்கும் அரசர் வாத்திய ஓசையை நிறுத்தும் வழக்கம் தம் காலத்திலும் நிலவியதாக மகாவமிச ஆசிரியர் எழுதுகின்றார். 1818 ஆம் ஆண்டிற் கண்டிக் கிளர்ச்சி அடங்கியபின், தப்பியோடிய பிலிமத்தலாவைப் பிரபு, களைப்பால் நடக்க இயலாத நிலையிலும் அந்த இடத்தைக் கடக்கையிற் சிவிகையினின்று இறங்கி நடந்தார் என்பர். எல்லாளன் சமாதி என்று நெடுங்காலம் காட்டப்பட்ட மேட்டைத் தொல்லியலாளர் பின்னர்த் தக்கிணத் தூபி என்று கொண்டனர். இடம் எதுவாயினும், இறங்கி நடந்த கால்கள் பொய்யல்ல.

இனி அந்த இரவு. அரண்மனை மேல்மாடத்தில் நறுமண விளக்குகள் எரிந்தன. ஆடல் மகளிர் சூழ்ந்திருந்தனர். மெல்லணையில் வெற்றி மன்னன் அமர்ந்திருந்தான். தன் பெரும் வெற்றியை நினைந்தான், மகிழ்ச்சி வரவில்லை. அக்குரோணிக் கணக்கில் மடிந்த உயிர்களே நினைவுக்கு வந்தன. அவனது கலக்கத்தைப் பியங்குதீவில் இருந்த அருகதர்கள் உணர்ந்து, எண்மரை நள்ளிரவில் அனுப்பினர். வான்வழி வந்த அவர்களிடம், இத்தனை உயிரைக் கொன்ற எனக்கு ஆறுதல் ஏது என்று மன்னன் வினவினான். அவர்கள் சொன்ன விடை உலகம் அறிந்தது. சுவர்க்கம் செல்லும் வழிக்கு இச்செயல் தடையாகாது. இறந்தோருட் சரணங்களை ஏற்றவன் ஒருவன் அரை மனிதன். ஐந்து சீலங்களையும் ஏற்றவன் ஒருவன் முழு மனிதன். ஆக இறந்தோர் ஒன்றரை மனிதரே. ஏனையோர் விலங்கொடு வைத்து எண்ணத் தக்கோர். இதுவே அவர்கள் தந்த கணக்கு.

பல ஆண்டுகள் இவ்விடம் வரும்போதெல்லாம் யான் சினங்கொண்டு நூலை மூடியிருக்கின்றேன். அந்த ஏனையோருள் என் முன்னோரும் அடங்குவர் அல்லவா? தீபவமிசம் சொல்லாத இக்கதையை, பின்வந்தோர் ஏன் சொல்ல நேர்ந்தது? கொல்லாமையை முதற் சீலமாகக் கொண்ட சமயத்துக்கு இப்போர் ஒரு முள்ளாக நெடுங்காலம் தைத்திருத்தல் வேண்டும். முள்ளைப் பிடுங்க இயலாதவர்கள் அதன்மேல் மருந்தைப் பூசினர்.

ஆனால் சினம் தணிந்தபின் என் சொந்த அலமாரியையும் திறந்து பார்த்தேன். அங்கே கலிங்கத்துப்பரணி இருந்தது. 12 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை அழித்ததைச் செயங்கொண்டார் பாடிய நூல் அது. களத்துப் பிணங்களைப் பேய்கள் கூழாகச் சமைத்து உண்ணும் பகுதியை எத்தனை முறை சந்தம் வழுவாமல் வகுப்பிற் படித்துச் சுவைத்திருக்கின்றேன்! அக்கூழில் வெந்தவர் எத்தனை மனிதர் என்று ஒருநாளும் யான் எண்ணவில்லை. ஒன்றரை என்றுகூட எண்ணவில்லை. அதே கலிங்கத்தைக் கி.மு. 261 அளவில் வென்ற அசோகன், நூறாயிரவர் கொல்லப்பட்டதையும் நூற்றைம்பதாயிரவர் பெயர்த்துச் செல்லப்பட்டதையும் தன் கல்வெட்டிற் பொறித்து வருந்தினான். ஒரே நிலத்தில் ஓர் அரசன் அழுதான். நம் புலவர் பாடினார்.

இத்தீவின் அண்மைப் போரையும் இங்கே சொல்லாமல் விடமுடியாது. இலங்கை இராணுவத்தில் 1962 ஆம் ஆண்டு அமைந்த காலாட்படைப் பிரிவு ஒன்று கெமுனு என்னும் பெயரைத் தாங்கியது. 2007 அக்டோபரில் அநுராதபுர விமானத் தளத்தைத் தாக்கிய விடுதலைப் புலிகள், அந்நடவடிக்கைக்கு எல்லாளன் என்று பெயரிட்டனர். அப்போரின் ஈற்றுக் கட்டம் 2006 இல் எங்கள் மாவட்டத்து மாவிலாற்று மதகு மூடப்பட்டதில் மூண்டது. அங்கே பாய்வதும் மாவலியின் நீரே. 2009 மே மாதத்தில் அது முடிந்தது. இருபுறத்தாரும் அம்மன்னரின் பெயர்களை எடுத்துக்கொண்டனர். தலைமாட்டு மணியையும் மேல்மாடத்துக் கண்ணீரையும் எவரும் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவ்வாண்டுகளில் ஒரு நாள் போர் தேவை என்றும் மறுநாள் கொடிது என்றும் என் மனமே மாறி மாறிப் பேசியது. வெடியோசை கேட்ட திசையை வைத்து மகிழ்வதா வருந்துவதா என்று முடிவு செய்த இரவுகளும் உண்டு. அதனை எழுத நாணுகின்றேன், மறைக்கவும் விரும்பவில்லை.

துட்டகைமுனு அந்த ஆறுதலால் அமைதி அடைந்தானா? அடைந்தான் என்று நூல் சொல்கின்றது. அதன்பின் அவன் செய்த செயல்கள் வேறொன்றைச் சொல்கின்றன. துறவியருக்குக் கொடாமல் தான் ஒருமுறை மிளகு உண்டதை நினைந்து மிரிசவெட்டி விகாரையைக் கட்டினான். ஒன்பது நிலை கொண்ட உலோகப் பிரசாதத்தை எடுத்தபோது, கூலி பெறாமல் எவரும் வேலை செய்யலாகாது என்று ஆணையிட்டான். உருவன்வெலி மகாதூபியைத் தொடங்க எண்ணியபோது, போர்க்காலத்து வரியால் மக்கள் ஏற்கெனவே நொந்திருக்கின்றனர், இனியும் வரி தண்டினால் அவர்களை வருத்துவதாகும், வரியின்றிச் செங்கல்லுக்கு எங்கே போவேன் என்று கலங்கினான். தேவர்கள் செங்கல் தந்தனர் என்று கதை முடிகின்றது. யான் காண்பது அந்தக் கலக்கத்தையே. தன் போருக்குப் பொருள் கொடுத்தவர் ஏழைக் குடிகள் என்பதை அவன் அறிந்திருந்தான்.

அவன் வீரர் பதின்மருள் ஒருவனான தேரபுத்தாபயன், போர் முடிந்ததும் அரசன் அளித்த சிறப்பை ஏற்கவில்லை. இன்னும் ஒரு போர் உண்டு, அது என் ஆசைகளொடு செய்யவேண்டியது என்று கூறித் துறவு பூண்டான்.

துட்டகைமுனு 24 ஆண்டுகள் ஆண்டான். மகாதூபி முடியுமுன் நோயுற்றான். தீகவாபியிலிருந்து விரைந்து வந்த தம்பி சத்தாதீசன், முடிவுறாத பகுதியை வெண்டுகிலால் மூடி, மேலே வண்ணந்தீட்டி, முடிந்ததுபோற் காட்டினான். ஒருகாலத்தில் யானைமீதிருந்து பொருத தம்பி, சாகக் கிடக்கும் அண்ணனுக்காகத் துணியாற் கோபுரம் செய்த காட்சியைவிட இந்நூலில் உருக்கமானது வேறில்லை. பல்லக்கிற் கிடத்தப்பட்ட மன்னன் தூபியைப் பார்த்துக்கொண்டிருக்கையில், தேரபுத்தாபய தேரர் வந்து அருகிருந்தார். பதின்மருடன் போர் செய்த யான் இப்போது இறப்பொடு தனியே பொருகின்றேன் என்று மன்னன் வருந்த, தேரர் அவனைத் தேற்றினார்.

பின்னர் அவன் செய்த நல்வினைகளை எழுதிய ஏடு அவன்முன் படிக்கப்பட்டது. தொண்ணூற்றொன்பது விகாரைகள், கோடிக்கணக்கிற் செலவான கட்டிடங்கள், நோயாளருக்கு மருத்துவம் என்று பட்டியல் நீண்டது. அத்தனையையும் கேட்ட மன்னன், அரசனாயிருந்து கொடுத்தவை தன்னை மகிழ்விக்கவில்லை என்றான். துன்பக் காலத்தில், உயிரைப் பொருட்படுத்தாமற் கொடுத்த இரண்டு மட்டுமே நெஞ்சுக்கு இனிமையாயின என்றான். ஒன்று, பஞ்சத்தில் தன் காதணிகளை விற்று ஐந்து தேரருக்கு அளித்த தினைக் கூழ். மற்றையது, சூளங்கணியத்தில் தம்பியிடம் தோற்று ஓடியபோது, பசியொடு தன் கலத்திலிருந்த சோற்றை ஒரு தேரருக்குக் கொடுத்தது. முப்பத்திரண்டு தலைவர்களை வென்றவனுக்குச் சாகும்போது துணையாக வந்தது, தோற்ற நாளிற் கொடுத்த ஒரு கவளம்.

அடுத்த வாரம் அம்மாணவிக்கு இவற்றையெல்லாம் சொன்னேன். போர் அறமா என்பதற்கு நூலிலிருந்து தீர்ப்பு எடுத்துத் தர என்னால் இயலவில்லை என்பதையும் சொன்னேன். சாசனத்தின் பொருட்டு என்று அவன் நம்பியது உண்மை. நீதிமான் ஒருவனைக் கொன்றதும் உண்மை. ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. மேல்மாடத்தில் அவன் கேட்ட வினாவே சரியானது. அவனுக்குக் கிடைத்த விடைதான் பிழையானது. இறந்தோர் எத்தனை பேர் என்று எவரேனும் குறைத்துச் சொல்லும்போது, அவர் எந்த மொழியிற் பேசினாலும், எழுந்து நின்று அவள் அன்று கேட்டது போலக் கேட்கவேண்டும் என்றேன்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தேன். துறைமுகத்திற் கப்பல் ஒன்று நங்கூரம் பாய்ச்சி நின்றது. தெற்கே, மழை பெய்த மலைநாட்டின் மண்ணைச் சுமந்துகொண்டு மாவலி குடாவிற் கலந்துகொண்டிருந்தது.